கனரக இயந்திரங்களைச் சாலை வழியே கொண்டுசெல்லத் திட்டமிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனரக சரக்குப் போக்குவரத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கும்: போக்குவரத்து ஆளைக் கடைசியில் கூப்பிட்டிருப்பார்கள். இயந்திரத்தை வடிவமைத்து, வார்த்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு "இதை எப்படிக் கொண்டுபோவது?" என்று கேட்டால், பாதையில் இருக்கும் பாலத்தின் உயரத்தை யாராலும் கூட்ட முடியாது. அதே கேள்வியை இயந்திரம் வரைபடமாக இருக்கும்போதே கேட்டிருந்தால் மேல்மூடியைத் தனியாக போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்திருக்கலாம், ஓர் உருளையை இரண்டு துண்டாக அனுப்பித் தளத்தில் வெல்டிங் செய்திருக்கலாம். எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்பதைப் பாதையிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த எண்ணத்தில்தான் வரிசையாகப் போகிறது.

1. முதலில் சரக்கின் உண்மையான எண்கள்

நீளம், அகலம், உயரம், எடை என்று நான்கு எண்களை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு விலை கேட்பார்கள். அதை வைத்துத் தோராயமாக ஏதாவது சொல்லலாம், திட்டம் போட முடியாது.

எடை என்றால் எந்த எடை என்று முதலில் கேளுங்கள். எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மரின் எடை வேறு, எண்ணெயை வடித்து உலர் காற்றோ நைட்ரஜனோ அடைத்து அனுப்பும்போது இருக்கும் எடை வேறு. பெயர்ப்பலகையில் இருப்பது பெரும்பாலும் வேலை செய்யும் நிலையின் எடை. அப்புறம் அடியில் வைக்கும் இரும்புத் தாங்கிகள், மரப்பெட்டி, சங்கிலிகள் எல்லாம் கணக்கில் சேர வேண்டும். சந்தேகம் இருந்தால் லோட் செல் (எடையை அளக்கும் உணரி) பொருத்திய ஜாக்குகளில் தூக்கி எடை போட்டுவிடுங்கள். நான்கு முனையிலும் தனித்தனி எடை கிடைப்பதால் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ஈர்ப்பு மையம் சரக்கின் நடுவில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது. கம்ப்ரஸர், டர்பைன், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் கனமாக இருக்கும். தயாரிப்பாளரிடமிருந்து போக்குவரத்துக்கென்றே தனியாக ஒரு வரைபடம் கேட்டு வாங்குங்கள். ஈர்ப்பு மையத்தின் மூன்று அளவுகள், எங்கே ஜாக் வைக்கலாம், எங்கே கொக்கி மாட்டலாம், எங்கே கட்டலாம், எந்த இடத்தில் எடையைத் தாங்கக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு அதிர்ச்சியையும் சாய்வையும் தாங்கும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த வரைபடம் கைக்கு வரும் வரை டிரெய்லரை முடிவு செய்யாதீர்கள்.

2. இறக்கும் இடத்திலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்

சரக்கு கடைசியில் எந்த அஸ்திவாரத்தில் உட்காரப் போகிறது, அதன் எந்த முகம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தொழிற்சாலையில் ஏற்றினால், தளத்துக்கு வந்து 150 டன்னைத் திருப்புவதற்கு ஒரு டர்ன்டேபிளும் கூடுதல் நாட்களும் தேட வேண்டியிருக்கும். ஏற்றும்போதே எந்த முனை முன்னால் என்று குறித்துவிட்டால் செலவே இல்லை.

தளத்தின் உள்ளே போகும் சாலையையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் பல நூறு கிலோமீட்டர் ஒழுங்காக வந்த வண்டி, கடைசி 200 மீட்டரில் புதிதாக மூடிய கேபிள் பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொள்ளும். தளத்து வாசலின் அகலம், உள்ளே திரும்ப இடம், மண்ணின் தாங்குதிறன், கிரேன் நிற்கும் இடம், அந்த நாளில் வேறு யார் அங்கே தோண்டிக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியவை.

3. ரூட் சர்வே

சர்வே என்றால் காரில் ஒரு தடவை போய்வருவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு தடையிலும் இறங்கி, அளந்து, படம் எடுத்து, தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று குறித்து வைக்க வேண்டும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். மேம்பாலத்தில் மாட்டியிருக்கும் உயரப் பலகையை நம்பாதீர்கள். பலகை வைத்த பிறகு சாலைக்கு இரண்டு அடுக்கு தார் போட்டிருந்தால், பலகையின் எண் அப்படியே இருக்கும், இடைவெளி குறைந்திருக்கும். பாலத்தின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும், ஒவ்வொரு தடத்திலும் அளக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் ஆற்றின் மேல் போகும் ஐ-5 நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பகுதி 2013 மே 23 அன்று ஆற்றில் விழுந்தது இதனால்தான். உயரமான சரக்கு ஏற்றிய லாரி, பாலத்தின் மேலே குறுக்கே போகும் இரும்புச் சட்டங்களில் இடித்தது. அந்தச் சட்டங்கள் வளைவாக இருந்ததால் ஓரத் தடத்தில் உயரம் குறைவு, உள்தடத்தில் அதிகம். உள்தடத்தில் போயிருந்தால் இடிக்காமல் தாண்டியிருக்கும். முன்னால் உயரக் கம்பத்தோடு, வழியைச் சோதித்துச் சொல்லும் பைலட் வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் லாரி சுதாரித்து நிற்கப் போதுமான இடைவெளி இரண்டுக்கும் இடையில் இல்லை. உயிரிழப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

அதிகம் பேர் தவறவிடும் இன்னொன்று, பாலத்துக்கு அடியில் சாலை குழிந்து இறங்கி ஏறும் இடம். நீளமான டிரெய்லரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரண்டு பக்க ஏற்றத்தில் நிற்கும்போது, நடுவில் இருக்கும் சரக்கு சாலை மட்டத்திலிருந்து கூடுதலாக உயர்ந்து நிற்கும். எவ்வளவு என்று கணக்கிடச் சுலபமான வழி உண்டு: சக்கரத் தொகுதிகளுக்கு இடையிலான நீளத்தின் வர்க்கத்தை, குழிவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுங்கள். 30 மீட்டர் நீளம், 500 மீட்டர் ஆரம் என்றால் 900-ஐ 4000-ஆல் வகுக்க, 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். நாடாவில் அளந்தபோது தாராளமாகத் தெரிந்த இடைவெளி அதிலேயே போய்விடும். சாலை மேடாக எழும்பி இறங்கும் இடத்தில் இதே கணக்கு தலைகீழாக வரும், அங்கே டிரெய்லரின் வயிறு தரையில் தட்டும். தளம் தாழ்வாக இருக்கும் லோ-பெட் டிரெய்லருக்கு இதுதான் முதல் எதிரி.

மின்கம்பிகளை எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெயிலிலும் அதிக மின்சாரம் ஓடும்போதும் கம்பி சூடேறித் தொய்யும். குளிர்ந்த காலையில் அளந்த உயரம் மதியத்தில் இருக்காது. தூரத்திலிருந்து அளக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், உலோக அளவுகோலைக் கம்பிக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. கம்பிக்கும் சரக்குக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது மின்னழுத்தத்தைப் பொறுத்தது, அதை மின்வாரியம்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

திருப்பங்களில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பின்னால் திருப்பும் வசதி இல்லாத, 15 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள ஒரு டிரெய்லர், 20 மீட்டர் ஆரத்தில் தொடர்ந்து திரும்பினால் பின்சக்கரம் சுமார் 6.8 மீட்டர் உள்ளே வரும். அதாவது நடைபாதை, விளக்குக் கம்பம், பெட்டிக்கடை எல்லாவற்றின் மேலும். எல்லா ஆக்சிலும் (சக்கர அச்சும்) திரும்பும், துண்டுகளாகக் கோத்து நீட்டக்கூடிய மாடுலர் டிரெய்லரில் இது வெகுவாகக் குறையும், ஆனால் சரக்கின் வால் வெளிப்பக்கம் வீசும், அதையும் வரைந்து பார்க்க வேண்டும். குறுகலான திருப்பங்களுக்குக் கணினியில் தடம் வரையும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் சாலை அளவு சரியாக இருந்தால்தான் வரும் படமும் சரியாக இருக்கும்.

ஏற்ற இறக்கம், வளைவில் சாலையின் பக்கச் சரிவு, மரக்கிளைகள், டோல் கேட்டின் அகலம், மேன்ஹோல் மூடிகள், சாலைக்கு அடியில் போகும் குழாய்கள், வண்டியை நிறுத்தக்கூடிய இடங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு முழுப் பாதையையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். புதிதாக ஒரு கேபிள் குறுக்கே கட்டப்பட்டிருக்கும், எங்காவது பாதி சாலையைத் தோண்டிப் போட்டிருப்பார்கள்.

4. பாலங்களும் ஆக்சில் எடையும்

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே லாரிகளை ஓட்டி ஓட்டிச் சாலைகளைச் சோதித்தார்கள். ஆஷோ சாலைச் சோதனை என்று அதற்குப் பெயர். ஆக்சில் எடை கூடும்போது சாலைச் சேதம் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அதிலிருந்து வந்த முடிவு. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. எல்லா நாட்டுச் சட்டங்களும் மொத்த எடையோடு ஆக்சில் எடையையும் ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கின்றன என்பது இதிலிருந்து புரியும்.

பாலத்தில் நிலைமை கொஞ்சம் மாறும். சிறிய கல்வெர்ட்டின் (வாய்க்கால் மேல் போடும் சிறு பாலத்தின்) மேல் ஒரே நேரத்தில் ஓரிரு ஆக்சில்கள்தான் நிற்கும், அங்கே ஆக்சில் எடையைப் பாருங்கள். 40 மீட்டர் பாலத்தின் மேல் முழு டிரெய்லரும் ஏறிவிடும், அங்கே மொத்த எடையைப் பாருங்கள். ஆக்சில்களைக் கூட்டிக்கொண்டே போனால் சாலைக்கு நல்லது, நீண்ட பாலத்துக்கு அதே அளவு பயன் கிடையாது. ஒவ்வொரு பாலத்தையும் அதற்குப் பொறுப்பான பொறியாளர் உங்கள் ஆக்சில் வரைபடத்தை வைத்துச் சரிபார்த்து எழுதித் தர வேண்டும்.

கனமான வண்டி பாலத்தைக் கடக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: வேறு வண்டி எதுவும் பாலத்தில் இருக்கக் கூடாது, நட்ட நடுவில் போக வேண்டும், நடை வேகத்தில் போக வேண்டும், பாலத்தின் மேல் பிரேக் பிடிக்கவோ கியர் மாற்றவோ நிற்கவோ கூடாது. வேகம் குறைந்தால் அதிர்வினால் வரும் கூடுதல் சுமை குறையும் என்பதுதான் காரணம். தாங்காத பாலமாக இருந்தால் அடியில் முட்டுக் கொடுக்கலாம், மேலே தற்காலிக எஃகுப் பாலம் போடலாம், ஆற்றில் நீர் இல்லாதபோது பக்கத்தில் மாற்றுப்பாதை அமைக்கலாம். எல்லாமே மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும் வேலைகள்.

5. டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது

ஹைட்ராலிக் மாடுலர் டிரெய்லரில் ஆக்சில் வரிசைகளை ஒன்றோடு ஒன்று கோத்து நீளத்தைக் கூட்டலாம். ஒரு கணக்கு பார்ப்போம். சரக்கு 150 டன். ஒரு வரிசைக்கு 16 டன் வரை அனுமதி என்றும், ஒரு வரிசையின் சொந்த எடை 3.5 டன் என்றும் வைத்துக்கொள்வோம். 12 வரிசை போட்டால் மொத்தம் 192 டன், வரிசைக்குச் சரியாக 16. காகிதத்தில் சரி, கையிருப்பு ஒரு கிலோகூட இல்லை, ஈர்ப்பு மையம் ஒரு சாண் தள்ளிப்போனாலே ஒரு பக்கத்து வரிசைகள் அளவைத் தாண்டும். 14 வரிசை என்றால் மொத்தம் 199 டன், வரிசைக்கு 14.2. நான் 14-ஐத்தான் எடுப்பேன். வரிசைக்கு 1.5 மீட்டர் வீதம் 21 மீட்டர் நீளம் வரும், உடனே திருப்பங்களை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது கவிழாமல் நிற்பது. மாடுலர் டிரெய்லரில் சக்கரங்களின் வெளி அகலத்தை வைத்து நிலைத்தன்மையைக் கணக்கிடக் கூடாது. ஹைட்ராலிக் சிலிண்டர்களை மூன்று அல்லது நான்கு தொகுதிகளாகக் குழாயில் இணைத்திருப்பார்கள், ஒவ்வொரு தொகுதியின் மையப் புள்ளியும் ஒரு கால் மாதிரி. அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோட்டைச் சரக்கின் ஈர்ப்பு மையம் தாண்டினால் கவிழும். நான்கு புள்ளியில் மையத்திலிருந்து கோடு வரை 0.75 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 2.5 மீட்டர் என்றால் கவிழும் கோணம் ஏறத்தாழ 16.7 பாகை. அதையே முக்கோணமாக இணைத்தால் கோடு வரை 0.5 மீட்டர்தான் கிடைக்கலாம், கோணம் 11.3 ஆகிவிடும். முக்கோண இணைப்பில் சட்டம் முறுக்கிக்கொள்ளாது, நான்கு புள்ளியில் கவிழும் கோணம் அதிகம், ஆனால் மேடு பள்ளத்தில் டிரெய்லரின் சட்டமும் சரக்கும் முறுக்கத்தை வாங்கிக்கொள்ளும். உயரமான, ஒல்லியான சரக்கு என்றால் இரண்டு டிரெய்லரைப் பக்கத்தில் சேர்த்து அகலப்படுத்துவதைப் பற்றி யோசியுங்கள். இந்தக் கணக்கைச் சரக்கு, தாங்கி, டிரெய்லர் மூன்றையும் சேர்த்த ஈர்ப்பு மையத்துக்குப் போட வேண்டும். பாதையில் உள்ள மிக மோசமான பக்கச் சரிவையும் காற்றையும் கழித்த பிறகும் கோணம் மிச்சம் இருக்க வேண்டும்.

6. இழுக்கவும் நிறுத்தவும்

மேலே சொன்ன 199 டன்னோடு 41 டன் எடையுள்ள இழுவை வண்டியைச் சேர்த்தால் 240 டன். 6 சதவீத ஏற்றம், சக்கர உருளலுக்கு 2 சதவீதம் என்று வைத்தால் தேவைப்படும் இழுவிசை 240-இல் 8 சதவீதம், அதாவது 19.2 டன். இன்ஜின் குதிரைத்திறன் போதுமா என்று மட்டும் கேட்பார்கள், டயர் பிடிக்குமா என்று கேட்க மறந்துவிடுவார்கள். ஓட்டும் ஆக்சில்களின் மேல் 30 டன் இருந்து, காய்ந்த சாலையில் பிடிப்பு 0.6 என்றால் கிடைப்பது 18 டன். போதாது. மழை பெய்து பிடிப்பு 0.4 ஆனால் 12 டன். அந்த ஏற்றத்துக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டாவது வண்டி கட்டாயம் வேண்டும். எந்த இடத்தில் அதை இணைப்பது, எங்கே கழற்றுவது என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

இறக்கம் இன்னும் கவலைக்குரியது. ஏற்றத்தில் வண்டி நின்றால் நேரம்தான் போகும், இறக்கத்தில் பிரேக் சூடேறி வலுவிழந்தால் நிறுத்த வழியே இருக்காது. நீண்ட இறக்கத்துக்கு முன்பே நின்று பிரேக்கைச் சோதித்துவிட்டு, தாழ்ந்த கியரில் ரிடார்டரை (சக்கர பிரேக் இல்லாமலே வேகத்தைக் குறைக்கும் கருவியை) நம்பி இறங்க வேண்டும். பின்னால் பிரேக் வண்டி ஒன்று பிடித்துக்கொண்டு வருவது நல்லது.

7. கட்டுவது

ஐரோப்பிய தரநிலை இஎன் 12195-1 சாலைப் பயணத்துக்குச் சொல்வது இது: முன்னோக்கி எடையில் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கும் தள்ளும் விசைக்குச் சரக்கு நகராமல் நிற்க வேண்டும். 60 டன் இயந்திரத்துக்கு முன்னோக்கி 48 டன். உராய்வு எண் 0.3 என்றால், சங்கிலியால் சரக்கை நேராக டிரெய்லரோடு இணைக்கும் நேரடிக் கட்டு முறையில் அதன் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுக்கலாம், ஆகவே உராய்வு பிடிப்பது 13.5 டன், சங்கிலிகள் பிடிக்க வேண்டியது 34.5 டன். 10 மில்லிமீட்டர் கிரேடு 80 (வலிமைத் தரம்) சங்கிலி ஒன்று சுமார் 6.4 டன் பிடிக்கும், சாய்வாகக் கட்டுவதால் முன்னோக்கி 4.5 டன்தான் பயன்படும் என்று வைத்தால் முன்னோக்கிப் பிடிக்க மட்டும் எட்டுச் சங்கிலி.

இப்போது அடியில் நல்ல ரப்பர் விரிப்பைப் போட்டு உராய்வை 0.6 ஆக்குங்கள். உராய்வு பிடிப்பது 27 டன், மிச்சம் 21 டன், ஐந்தே சங்கிலி, ஜோடியாகக் கட்ட ஆறு. இரும்பின் மேல் இரும்பை நேராக உட்கார வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்தால் அங்கே உராய்வு 0.1 வரைகூட இறங்கும். மரத்தையோ ரப்பரையோ வைத்து, முன்னால் வெல்டிங் செய்த தடுப்பும் கொடுத்தால் சங்கிலியின் வேலை பாதியாகும். கட்டும் இடம் தயாரிப்பாளர் காட்டிய இடமாக இருக்கட்டும், குழாய்களிலும் ரேடியேட்டரிலும் கட்டக் கூடாது.

8. அனுமதிகள்

நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கேட்கும் காகிதங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: ஆக்சில் எடையோடு கூடிய வரைபடம், பாதை, வண்டிப் பதிவு, காப்பீடு, பாலச் சான்று, பயண நேரம். சாலைத்துறை, காவல்துறை, மின்வாரியம், ரயில்வே, தொலைபேசிக் கேபிள் நிறுவனங்கள் என்று தனித்தனியாகப் போக வேண்டும். அனுமதிக்குக் காலாவதி உண்டு, ஒன்று தாமதமானால் முன்பு வாங்கியது முடிந்துவிடும். அதனால் நீண்ட நாள் எடுக்கும் அனுமதிக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

9. ரயில்வே கேட்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹிக்ஸன் என்ற இடத்தில் 1968 ஜனவரி 6 அன்று 120 டன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிய வண்டி, காவல்துறை துணையோடுதான், தானியங்கி கேட்டைக் கடந்துகொண்டிருந்தது. வண்டியின் நீளம் சுமார் 45 மீட்டர், வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் அளவு. தன் நீளத்தைக் கடக்கவே அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததிலிருந்து ரயில் வருவதற்கு இருந்த நேரம் 24 விநாடி. எக்ஸ்பிரஸ் ரயில் மோதி 11 பேர் இறந்தார்கள். கேட்டில் சிக்னல் அறைக்குப் பேசத் தொலைபேசி இருந்தது, யாரும் பேசவில்லை.

ஆகவே ஒவ்வொரு கேட்டுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள்: வண்டியின் நீளமும் தண்டவாளத்தின் அகலமும் சேர்ந்த தூரம், உங்கள் வேகம், எடுக்கும் விநாடிகள். பிறகு ரயில்வேயிடம் போக்குவரத்தை நிறுத்தி வைக்கும் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்த நேரம் உறுதியாகி, பொறுப்பான ஊழியர் வாய்மொழியாகச் "செல்லலாம்" என்று சொல்லும் வரை முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொடக் கூடாது. மேலே மின்கம்பி இருக்கும் பாதையா, தண்டவாள மேட்டில் வயிறு தட்டுமா என்பதையும் பாருங்கள்.

10. புறப்படும் நாள்

எல்லாரையும் கூட்டி வைத்துப் பாதையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஓட்டுநர்கள், டிரெய்லரின் பின்சக்கரங்களைத் திருப்புபவர், பைலட் வண்டிக்காரர், காவலர், மின்வாரிய ஆட்கள். நிறுத்து என்று யார் சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும், ஆனால் கிளம்பு என்று சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான். வாக்கி-டாக்கி இல்லாதவர் வண்டிக்கு அருகே நிற்கக் கூடாது.

ஓரிரு கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சங்கிலிகளை மறுபடி முறுக்குங்கள், மரம் அமுங்கிக் கட்டுகள் தளர்ந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டயர், ஹைட்ராலிக் அழுத்தம், குழாய்க் கசிவு, டிரெய்லரின் மட்டம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். டயர், ஹோஸ், சீல் ஆகியவை கையில் இருக்கட்டும். ஓட்டுநருக்குத் தூக்கம் கிடைக்கும்படி தங்குமிடம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். இரவு ஓட்டிவிட்டுப் பகலில் சாலையோர வெயிலில் கேபினில் கிடப்பவரிடம் மறுநாள் துல்லியமாகத் திருப்பச் சொல்வது நியாயமில்லை. பெருமழையும் பலத்த காற்றும் வந்தால் நின்றுவிடுங்கள், தாமதக் கட்டணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். மழை நின்ற பிறகும் சாலையோர மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள்.

11. இறக்குவதும் ஒப்படைப்பதும்

கிரேனா, ஜாக் வைத்துத் தண்டவாளத்தில் தள்ளுவதா என்பதை அஸ்திவாரத்தைப் பார்த்து முன்பே முடிவு செய்திருப்பீர்கள். டிரெய்லரின் ஒரு முனையை மட்டும் தூக்கும்போது எடை எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். ஜாக் தூக்கத் தூக்க அடியில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே வாருங்கள், ஹைட்ராலிக் எண்ணெயை மட்டும் நம்பி 100 டன்னை ஆகாயத்தில் நிறுத்தி வைக்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் போன்ற சரக்கில் அதிர்ச்சிப் பதிவுக் கருவி இருக்கும். பெறுபவரையும் வைத்துக்கொண்டு அதைத் திறந்து, வரைபடத்தில் கொடுத்த எல்லையோடு ஒப்பிட்டு, உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தையும் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். புறப்படும் முன் எடுத்த சாலைப் படங்களையும் சரக்கின் படங்களையும் அதோடு சேர்த்து வையுங்கள், பின்னால் யாராவது உடைந்த நடைபாதைக்கு நஷ்டஈடு கேட்டால் அவை வேண்டும்.

அப்புறம் காலி டிரெய்லர் திரும்ப வேண்டும், அதன் நீளத்துக்கும் தனி அனுமதி தேவைப்படலாம். முடிந்தால் வரிசைகளைக் கழற்றிச் சாதாரண லாரிகளில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். வழியில் அகற்றிய பெயர்ப்பலகைகள், இரும்புத் தடுப்புகள், தூக்கிக் கட்டிய கேபிள்கள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் பொருத்த ஒரு குழு வண்டிக்குப் பின்னாலேயே அன்றைக்கே வந்துகொண்டிருக்க வேண்டும், அதற்கான கூலியையும் விலைப்புள்ளியில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.